சென்னை – லண்டன்: விமான தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் கேட்டது: மகள் படிக்க லண்டன் போகிறாள், ஒரு தளம் 8,200 கி.மீ. என்கிறது, இன்னொன்று 8,900. டிக்கெட்டில் காலை 5:30-க்குப் புறப்பட்டு 11:45-க்கு இறங்குவதாக இருக்கிறது. அப்படியானால் ஆறேகால் மணி நேரப் பயணம்தானா?

இல்லை, பத்தே முக்கால் மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் ஐந்தரை. லண்டனில் 11:45 என்றால் கோடையில் நமக்கு மாலை 4:15. அதிலிருந்து 5:30-ஐக் கழியுங்கள்.

தூரம் இரண்டுமே சரிதான். 8,200 என்பது பூமியின் வளைவின் மேல் மிகக் குறுகிய தூரம். அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கம்: அட்சரேகை 12.99, தீர்க்கரேகை 80.17. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம்: அட்சரேகை 51.47, தீர்க்கரேகை மேற்கே என்பதால் கழித்தல் 0.45. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.176. அவற்றின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசமான 80.62-இன் கோசைனையும் பெருக்குங்கள்: 0.099. கூட்டினால் 0.275. இதன் தலைகீழ் கோசைன் 74.05 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 8,234 கி.மீ.

விடை தாறுமாறாக வந்தால் முதலில் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, 12 டிகிரி 59 நிமிடத்தை 12.59 என்று போடுவது. 59-ஐ 60-ஆல் வகுத்து 12.98 என்றுதான் எழுத வேண்டும். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே வேண்டாம். அந்த நேர்கோட்டில் போனால் 250 கி.மீ. போல கூடுதலாகும்.

இந்தக் குறுகிய பாதை நாசிக் பக்கம், சிந்து, ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ், உக்ரைன், போலந்து என்று போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. மேற்காசியாவில் பதற்றம் வந்தால் ஈரானையும் சுற்ற வேண்டிவரும். அதனால் 5 முதல் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த 8,900 அப்படி வந்ததுதான்.

நேரத்துக்கு அந்த 8,900-ஐ மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஏமாற்றம்தான். அது காற்றில் விமானத்தின் வேகம். மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக. போகும்போது 850, திரும்பும்போது 930 என்று வையுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவதற்கு அரை மணி சேருங்கள். போக சுமார் 11, வர சுமார் 10 மணி நேரம்.

துபாய் வழியாகப் போனால் வளைவுக் கணக்கில் 2,930-உம் 5,500-உம் சேர்ந்து 8,430-தான், 200 கி.மீ. மட்டுமே கூடுதல். நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பதும், இரண்டாவது முறை ஏறி இறங்குவதும்.

வீட்டிலிருந்து கணக்கிட்டால், பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே, அதாவது அதிகாலை 2:30-க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ உங்கள் பேட்டை வழியாக நேராக விமான நிலையம் போகும் என்றாலும், அந்த நேரத்தில் ஓடாது. ஒன்றேகாலுக்குள் வண்டி ஏறிவிடுங்கள். எர்ணாவூர், எண்ணூர் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசைக்காக இன்னும் அரை மணி முன்னதாக.