எந்தக் கன்னம், எத்தனை தரம்: கேள்வி பதில்

கேள்வி: ‘உன் சத்துருவைப் பகை’ என்று சொல்லப்பட்டதாக இயேசு மத்தேயு 5:43இல் சொல்கிறாரே, அது பழைய ஏற்பாட்டில் எங்கே வருகிறது?

எங்கும் வராது. லேவியராகமம் 19:18 பிறனிடம் அன்புகூரச் சொல்வதோடு நின்றுவிடும். இருளின் மக்களை வெறுக்கச் சொல்லும் விதி சவக்கடல் அருகே வாழ்ந்த யூதக் குழுவான கும்ரான் குழுவின் ஒழுங்குச் சுருளில் இருக்கிறது.

கேள்வி: வலது கன்னத்தில் அறைகிறவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறார் இயேசு. மத்தேயு 5:39இல் ஏன் ‘வலது’ கன்னம்?

எதிரே நிற்பவரின் வலது கன்னத்தை உங்கள் வலக்கையால் அறைவதுபோல் தொட்டுப் பாருங்கள். புறங்கைதான் படும். அது வலிக்காக அடிப்பதல்ல, கேவலப்படுத்த அடிப்பது. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அறைந்தால் அபராதம் 200 சூஸ் (வெள்ளிக் காசு), புறங்கையால் என்றால் 400. மறு கன்னத்தைக் காட்டுபவர் ஓடவுமில்லை, பணியவுமில்லை. வழக்கமான எச்சரிக்கை: வீட்டில் அடிபடும் பெண்ணிடம் இந்த வசனத்தை நீட்டாதீர்கள்.

கேள்வி: மத்தேயு 18:22இல் இயேசு ‘ஏழெழுபது’ தரம் மன்னிக்கச் சொன்னபடி 490 தரம் மன்னித்தாயிற்று. அப்புறம்?

‘ஏழெழுபது’ என்பதன் கிரேக்க மூலத்தை 77 என்றும் படிக்கலாம். ஆதியாகமம் 4:24இல் லாமேக்கு 77 மடங்கு பழி கேட்கிறான். கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கேயும் இதே சொற்கள். அவன் பழிக்குச் சொன்ன எண் இங்கே மன்னிப்புக்கு வருகிறது.

கேள்வி: 491ஆம் தரம் அடிக்கலாமா?

மேலே பார்க்கவும்.

கேள்வி: லூக்கா 6:29இல் ‘வலது’ இல்லையே. உங்கள் புறங்கை என்ன ஆயிற்று?

சரி, மாட்டிக்கொண்டேன். லூக்காவில் அது செல்லாது. ஆனால் அடுத்த வரியையும் பாருங்கள். மத்தேயுவில் முதலில் உள்ளே உடுத்தும் வஸ்திரம் போகிறது, பிறகு அங்கி: வழக்காடுபவன் கேட்கிறான். லூக்காவில் முதலில் போவது மேலே போட்டிருக்கும் அங்கி: வழிப்பறி. மத்தேயுவின் காட்சியில் மானம் போகிறது, லூக்காவில் பொருள் போகிறது. புறங்கையை மத்தேயுவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: யாராவது இப்படி நடந்துகொண்டார்களா?

இரண்டாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட சிமிர்னா நகர ஆயர் பொலிகார்ப். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் நின்று ஜெபித்தார் என்கிறது அவருடைய இரத்தசாட்சி வரலாறு. துன்பப்படுத்துகிறவர்களுக்காக உபவாசம் இருக்கச் சொல்கிறது திதாகே என்ற ஆதிகாலக் கிறிஸ்தவப் போதனை நூல்.

கேள்வி: அண்ணன் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். மன்னித்தே ஆகணுமா?

முதலில் வக்கீலைப் பாருங்கள். மன்னிப்பதும் வழக்குப் போடுவதும் வேறு வேறு.

கேள்வி: குடித்துவிட்டு அடிக்கும் கணவருக்கும் மறு கன்னமா?

இல்லை. மேலேயே சொன்னேன், இன்னும் பத்து பேர் கேட்டாலும் இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: திரும்பவும் கன்னத்துக்கே வருகிறேன். இடக்கையால் அடித்திருந்தால்?

விடமாட்டீர்கள் போல! இடக்கையை அடிக்க எங்கே ஓங்குவது? கும்ரான் சுருளில், பேசும்போது இடக்கையை நீட்டி ஆட்டினாலே 10 நாள் தண்டனை.