புகையிலைக் கடை மரச்சிற்பம்: வண்ணத்தைச் சுரண்டலாமா?

நியூஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர், தாம் வாங்கிய பழைய வீட்டின் நிலவறையில் ஆளுயர மரச்சிற்பம் ஒன்று கிடைத்ததாக எழுதியிருக்கிறார். இறகுக் கிரீடமும் கையில் சுருட்டுக் கட்டும் கொண்ட அமெரிக்கப் பூர்வகுடி உருவம் அது; முற்காலத்தில் புகையிலைக் கடை வாசலில் அடையாளமாக நிறுத்தப்பட்ட வகை. அதன் காலத்தை எப்படி அறிவது, உரிந்துவரும் வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா என்பன அவருடைய கேள்விகள்.

வண்ணத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். இத்தகைய பழைய உருவங்களின் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். சுரண்டினால் எழும் தூசி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாகும். மேலும், வெயிலிலும் மழையிலும் நின்ற இவ்வுருவங்களுக்குக் கடைக்காரர்கள் அவ்வப்போது மறுவண்ணம் பூசிவந்ததால், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளே சிற்பத்தின் வயதுக்குச் சான்று.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே புகையிலை வணிகர்கள் இத்தகைய உருவங்களை அடையாளமாக வைத்தனர். பூர்வகுடியினரை நேரில் கண்டிராத சிற்பிகள் ஆப்பிரிக்கரையும் அவர்களையும் குழப்பி, புகையிலை இலைகளால் ஆன பாவாடை அணிவித்துச் செதுக்கினார்கள். அமெரிக்காவில் இவை பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இரும்புக் கப்பல்களும் நீராவியும் வந்தபின், பாய்மரக் கப்பல்களின் முகப்புச் சிற்பங்களைச் செதுக்கி வாழ்ந்தவர்களுக்கு வேலை குறைந்தது. அந்த உளிகளே கடை உருவங்களுக்குத் திரும்பின. நியூயார்க்கில் சாமுவேல் ராப் (1851–1928), டெட்ராய்ட்டில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜூலியஸ் மெல்ச்சர்ஸ் ஆகியோரின் கைத்திறன் இன்றும் வியக்கவைக்கிறது. எழுத்தறியாதவருக்கும், ஆங்கிலம் அறியாத புதுக் குடியேறிகளுக்கும் கடையை அடையாளம் காட்ட அவை உதவின. பின்னர் நடைபாதை இடையூறுச் சட்டங்களும் மின்விளக்குப் பலகைகளும் வரவே, பல உருவங்கள் விறகாயின.

உங்கள் சிற்பம் வெள்ளைப் பைன் மரமா, கைகள் தனியே செதுக்கிப் பொருத்தப்பட்டவையா, இரவில் கடைக்குள் உருட்டிச் செல்லச் சக்கரம் இருந்த தடம் பீடத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். மரம் காய்ந்து நெடுக்காகப் பிளந்த வெடிப்புக்குள் பழைய வண்ணம் இறங்கியிருந்தால் அது நல்ல அறிகுறி. ஒரே அடுக்கு வண்ணமும் பழையதாகத் தோன்ற எங்கும் ஒரே சீராகப் பூசிய கறையும் பிற்கால நகலையே பெரும்பாலும் காட்டும். உறுதியான முடிவுக்கு, மர வண்ணச் சிற்பங்களில் பயிற்சி பெற்ற கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் வண்ணத் துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும்.

அதுவரை, ஈரமான நிலவறையிலிருந்து சூடேற்றிய அறைக்கு உடனே மாற்றாதீர்கள். மரம் விரைந்து சுருங்கி வண்ணம் உதிர்ந்துவிடும். வரவேற்பறையில் அலங்காரமாக வைப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் இவ்வுருவங்கள் தங்களை இழிவுபடுத்துவதாகப் பூர்வகுடியினர் பலர் கருதுகிறார்கள், அந்த வருத்தம் நியாயமானது. பழமையானது என உறுதியானால், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஷெல்பர்ன் அருங்காட்சியகம் போல நாட்டுப்புறக் கலையைச் சேகரிக்கும் இடத்துக்கு எழுதிக் கேளுங்கள்.