ஊதா நிற்காத ஸ்டெஃபைலோகாக்கஸ்

சீழிலிருந்து வளர்த்த ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, கிராம் சாயத்தில் (பாக்டீரியாக்களை ஊதா, சிவப்பு என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் முறை) ஊதாவாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிருமியைச் சந்தேகிக்கும் முன், ஊதாச் சாயத்தைக் கழுவும் ஆல்கஹால் பாட்டிலைச் சந்தேகியுங்கள்; அது கூடிப்போனால் ஸ்டெஃபைலோகாக்கஸின் ஊதாவும் போய்விடும். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழிவதில் ஊதா நின்ற நொடியே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று நொடியில் வேலை முடிந்துவிடும். தடித்த பூச்சில் இந்தக் கணக்கெல்லாம் தப்பும்.

கல்ச்சர் (வளர்த்த கிருமி) எத்தனை நாள் பழையது? 24 மணி நேரத்துக்குள் வளர்ந்த காலனியை எடுங்கள்; கிழட்டுச் செல்களின் சுவர் சிதைந்து ஊதாவைக் கைவிட்டுவிடும்.

அதே ஸ்லைடின் ஓரத்தில் சிவப்பாகத் தெரிய வேண்டிய ஈ.கோலை பாக்டீரியாவையும் பூசுங்கள். அது சிவந்து, பக்கத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸின் திராட்சைக் கொத்து ஊதாவாக நின்றால் சாயம் சரி. பிறகு கிருமியை அடையாளம் காண கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைக்கிறதா), கோயாகுலேஸ் (பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா) சோதனைகள். கேட்டலேஸுக்கு இரத்த அகாரிலிருந்து (இரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்) எடுக்காதீர்கள். சிவப்பணுக்களே நுரைத்து ஏமாற்றும். நானும் ஏமாந்திருக்கிறேன்.