கேளுங்கள், சொல்கிறோம்: மகன் ஏ.சி. மெக்கானிக் படிப்புக்குப் போகலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. ஹைஸ்கூல் முடிக்கப்போகும் மகன், நாலு வருஷக் கல்லூரி வேண்டாம், கம்யூனிட்டி காலேஜில் ஹீட்டிங், ஏர் கண்டிஷனிங் படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா ஐ.டி.யில் இருக்கிறார். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று அவனோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை. நான் என்ன செய்யட்டும்?
ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: சகோதரி, ஊருக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மகன் இதை ஏன் கேட்கிறான் என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள். கணக்கும் இயற்பியலும் பிடிக்காமல் தப்பிக்க நினைக்கிறான் என்றால் இது அவனுக்கான இடம் இல்லை, ஏனென்றால் இந்தத் தொழிலே அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

ஒரு உதாரணம். வீடு குளிரவில்லை என்று கூப்பிடுகிறார்கள். கேஜை மாட்டி அழுத்தத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்த அழுத்தத்தில் குளிர்வாயு எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று தெரிய வேண்டும், கம்ப்ரஸருக்குத் திரும்பிப்போகும் குழாய் உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளக்க வேண்டும், இரண்டையும் கழிக்க வேண்டும். இதைத்தான் சூப்பர்ஹீட் என்கிறார்கள். அது அதிகமாக இருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது எங்கேயோ அடைப்பு. மிகக் குறைவாக இருந்தால் திரவமே கம்ப்ரஸருக்குள் போய் அதைச் சாகடிக்கும். இதைக் கணக்குப் போடாமல் கேஸை ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், உங்கள் மகன் அந்த ரகமாக ஆகக் கூடாது என்பதற்குத்தான் படிப்பே.

சம்பளம் கேட்பீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2024 மே மாதத்தில் இந்த மெக்கானிக்குகளின் இடைநிலை ஆண்டு வருமானம் 59,810 டாலர், அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். ஹெல்பராகச் சேரும்போது இது கிடைக்காது. ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயிலில் கூரைக்கடியில் அட்டிக்கில் படுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், ராத்திரி அழைப்பு வந்தாலும் போக வேண்டும். இதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, எந்தக் கல்லூரி? ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜிலும் இருக்கிறது, லோன் ஸ்டார் காலேஜிலும் இருக்கிறது. நீங்கள் எந்தக் கல்லூரியின் எல்லைக்குள் குடியிருக்கிறீர்களோ அங்கே கட்டணம் குறையும். சான்றிதழ் படிப்பு சுமார் ஒரு வருஷம், அசோசியேட் பட்டம் இரண்டு வருஷம். பின்னால் பொறியியல் பட்டத்துக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எந்தெந்தப் பாடங்களை நாலு வருஷக் கல்லூரி ஏற்கும் என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் தொழிற்பிரிவு அசோசியேட் பட்டத்தின் பாடங்கள் பலவற்றை அவர்கள் ஏற்பதில்லை. கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா, அதாவது ஃபெடரல் அரசின் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம், நிரப்பலாம். இதே கேள்வியை, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் பிள்ளை இருக்கும் பெற்றோர் கேட்டால் என் பதில் வேறு: படிக்கலாம், ஆனால் ஃபெடரல் அரசின் உதவித்தொகை இல்லை, வேலை செய்யவும் முடியாது, 21 வயதானால் அந்த விசாவும் கிடையாது.

கல்லூரியின் விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மகனோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் லேபைப் பாருங்கள். ஓடுகிற யூனிட்டுகள் எத்தனை, ஒரு யூனிட்டைச் சுற்றி எத்தனை பையன்கள் நிற்கிறார்கள், செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் விடுகிறார்களா என்று கவனியுங்கள். நைட்ரஜன் விடாவிட்டால் குழாய்க்குள் கருப்புப் பொருக்கு படிந்து, பின்னால் அதுவே வால்வை அடைக்கும். அப்புறம் ஆர்-454பி, ஆர்-32 என்ற புதிய குளிர்வாயுக்களைப் பற்றிச் சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள். வீட்டு ஏ.சி.களில் இத்தனை காலம் இருந்த ஆர்-410ஏ புதிய யூனிட்டுகளிலிருந்து 2025 முதல் விலகிக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வருகிற இந்த இரண்டும் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியவை, கையாளும் முறையே மாறுகிறது. பழையதை மட்டும் வைத்துப் பாடம் நடத்தும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அவன் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: டெக்சாஸில் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் 48 மாத அனுபவம் சேர்ந்ததும் தேர்வு எழுதி, சொந்தமாகத் தொழில் நடத்த லைசென்ஸ் வாங்கலாம்.

கேள்வி: இ.பி.ஏ. 608 சான்றிதழை இரண்டு நாளில் வாங்கித்தருகிறோம் என்கிறார்கள். அப்புறம் எதற்குக் கல்லூரி? எனக்கு வயது 36, வேர்ஹவுஸ் வேலை.
ஒரு வாசகர், டாலஸ்

பதில்: குளிர்வாயுவைக் கையாளச் சட்டப்படி இ.பி.ஏ.வின், அதாவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின், அந்தச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். தேர்வில் பொதுப் பகுதியோடு, யந்திர வகைக்கு ஒன்றாக உள்ள மூன்று பகுதிகளும் தேறினால் யுனிவர்சல் என்பார்கள், ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆகாது. அதை வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கொள்குறிக் கேள்விகளுக்கு டிக் அடித்தவருக்கு, கெபாசிட்டர் போயிருக்கிறதா, மின்சாரத்தை விடும் சுவிட்சான கான்டாக்டர் போயிருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கத் தெரியாது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மாலை வகுப்பு உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள், முதல் பருவம் முடிந்ததும் ஹெல்பர் வேலை தேடுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் கரும்புள்ளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பெனி வேனைக் கொடுக்கும் முன் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 36 வயது ஒன்றும் தாமதமில்லை, முழங்காலை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் இதைப் படித்துவிட்டு அங்கேயே செட்டில் ஆக முடியுமா? ஏஜென்ட் முடியும் என்கிறார்.
ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, அந்த ஏஜென்டிடம் ஒரு பைசா கொடுக்காதே. தொழிற்படிப்புக்கான எம்-1 விசாவில் போனால், படிப்பு முடிந்தபின் பயிற்சி வேலைக்கு அதிகபட்சம் 6 மாதம்தான். அங்கே போய் அதை, கல்லூரிப் படிப்புக்கான எஃப்-1 மாணவர் விசாவாக மாற்றவும் முடியாது. எச்-1பி என்பது பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கு, ஏ.சி. மெக்கானிக் வேலை அதில் வராது. வீட்டை அடகு வைத்துப் போனால் திரும்பி வந்து கடன்தான் கட்ட வேண்டும். டிப்ளமோக்காரர்களுக்கு மத்திய அரசின் ஒரு வருஷத் தொழிற்பழகுநர் பயிற்சி இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்தான் தென்மாநிலங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்கிறது. ஏ.சி. நிறுவனங்களைக் குறிவைத்து விண்ணப்பம் போடு. சென்னையிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீசிட்டியிலேயே டெய்கினுக்கும் ப்ளூ ஸ்டாருக்கும் தொழிற்சாலை இருக்கிறது.