மண் ஈரமா இருக்கு, இலை ஏன் சுருங்குது? – அடிபட்ட சக்குலண்ட் செடிகளுக்கான கேள்வி பதில்

மழை முடிஞ்சு மார்கழி, தை வந்தா எனக்கு வர்ற செடிப் படங்கள்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கும்: வதங்கின சக்குலண்ட் (இலையிலயோ தண்டுலயோ தண்ணியைச் சேர்த்து வைக்கிற சதைப்பத்தான செடி), அதைச் சுத்தி ஈர மண். மதுரையில எங்க மொட்டை மாடியில 14 வருஷமா இந்தச் செடிகளோடதான் இருக்கேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்கள் இங்கே.

ஆவடியிலிருந்து: அக்கா, ரோஜாப்பூ மாதிரி இருக்குமே எச்செவேரியா, அதோட இலையெல்லாம் சுருங்கிப் போச்சு. தினமும் தண்ணி ஊத்துறேன், இன்னும்தான் சுருங்குது. என்ன பண்ண?

தண்ணியை இன்னைக்கே நிறுத்தும்மா. மண் காய்ஞ்சு இலை சுருங்கினா அது தாகம், ஒரு நாள் நல்லா ஊத்தினா ரெண்டு மூணு நாள்ல நிமிர்ந்துடும். மண் ஈரமா இருந்தும் சுருங்குதுன்னா வேர் அழுகிடுச்சுன்னு அர்த்தம். உறிஞ்ச வேரே இல்லாத செடிக்கு எவ்வளவு ஊத்தியும் பிரயோசனம் இல்லை, மிச்சமிருக்கிற தண்டும் சேர்ந்து அழுகும்.

தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறிப் பாரு. வேரை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா, மேல்தோல் மட்டும் உறை மாதிரி கழண்டு வந்து உள்ளே மெல்லிசா நூல் நிக்குதா? அது செத்த வேர். தண்டை பிளேடால கொஞ்சம் கொஞ்சமா மேல்நோக்கி நறுக்கிட்டே வா. நடுவுல கறுப்புப் புள்ளி, பழுப்பு வளையம் எதுவும் இல்லாம சுத்தமா வெளிர்பச்சையா தெரியுற வரைக்கும் நறுக்கணும். அந்தத் தலையை நிழல்ல நாலஞ்சு நாள் காய வச்சு, காய்ஞ்ச மண்ல உட்கார வை. தண்டு முழுக்கப் போயிருந்தா கெட்டியா இருக்கிற இலைகளை அடியோட முழுசா கழட்டி மண் மேல சும்மா போட்டு வை. ரெண்டு மூணு வாரத்துல சில இலைகள்ல வேர் எட்டிப் பார்க்கும். பாதியில ஒடிஞ்ச இலை எதுக்கும் ஆகாது.

அவங்களே மறுபடியும்: ஊட்டி போனப்போ வாங்கினதுக்கா. அங்கே அவ்ளோ அழகா இருந்துச்சு...

அதுவும் ஒரு காரணம்மா. எச்செவேரியாவில பெரும்பாலானது மெக்சிகோ மலைப்பகுதிச் செடி. எச்செவேரியா மாதிரி நிறைய சக்குலண்ட் செடிகள் பகல்ல இலைத்துளையை மூடிக்கிட்டு ராத்திரியிலதான் திறந்து காத்தை இழுக்கும். அதுக்கு ராத்திரி குளிர்ச்சி வேணும். சித்திரை, வைகாசியில நம்ம ஊர் ராத்திரியும் அனலா இருக்கிறப்போ அது திணறும். பிழைச்சா கோடையில காத்தோட்டமான நிழல்ல வை.

தஞ்சாவூரிலிருந்து: மேடம், அப்பா வச்ச அடினியம் (அடித்தண்டு கிழங்கு மாதிரி பருத்திருக்குமே, அந்தப் பூச்செடி), 9 வருஷம் ஆச்சு. ஐப்பசி மழையில நனைஞ்சுக்கிட்டே இருந்தது. இப்போ அடிக்கிழங்கு ஒரு பக்கம் அமுக்கினா பஞ்சு மாதிரி உள்ளே போகுது. அவர் இப்போ இல்லை. எப்படியாவது காப்பாத்தணும்.

சார், ஒரு பக்கம்தான் அமுங்குதுன்னா நம்பிக்கை இருக்கு. ஆனா நாளைக்குன்னு தள்ளாதீங்க.

முதல்ல கையுறை போட்டுக்குங்க. அடினியம் பால் விஷம். ஆப்பிரிக்காவில அம்பு முனையில தடவ இதைப் பயன்படுத்தியிருக்காங்க. கண்ணுல படவே கூடாது. செடியை எடுத்து வேரைத் தண்ணியில அலசுங்க. கத்தியை ஸ்பிரிட்டால துடைச்சு, அமுங்குற சதையை ஸ்பூனால சுரண்டி எடுத்த பிறகு ஓரத்தைச் சீவுங்க. நல்ல சதை வெள்ளையா, நறுக்கின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். பழுப்பா ஒரு கோடு தெரிஞ்சாலும் அதுக்குப் பின்னாடி போங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கணும், இல்லைன்னா அழுகலை நாமளே நல்ல சதைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். என்கிட்ட ஒரு செடி இப்படிச் சீவிச் சீவி தேங்காய் அளவு கிழங்கு எலுமிச்சை அளவுக்கு வந்துச்சு. வெட்டும்போது கை நடுங்குச்சு. இன்னைக்கு அது பூக்குது.

வெட்டுவாயில காப்பர் ஆக்சிகுளோரைடு மாதிரி ஒரு பூஞ்சைக்கொல்லியைத் தூளாவே தடவுங்க. இலையெல்லாம் கிள்ளிடுங்க. அப்புறம் நிழல்ல, காத்துல, தொட்டி இல்லாம குறைஞ்சது பத்து நாள். பயப்படாதீங்க, அடினியம் மண்ணில்லாம வாரக்கணக்குல தாங்கும். வெட்டுவாய் தோல் மாதிரி இறுகின பிறகு மணல், உடைச்ச செங்கல் ஜல்லி முக்கால் பங்கு, செம்மண் கால் பங்குன்னு கலந்து நடுங்க. முதல் தண்ணி இன்னும் ஒரு வாரம் கழிச்சு.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க: துளிர் வந்ததும் பிழைச்சிடுச்சுன்னு நினைச்சு தண்ணியைக் கூட்டிடாதீங்க. கிழங்குல சேர்த்து வச்ச சத்தை வச்சே வேரில்லாம துளிர்விடும். மெதுவா அசைச்சுப் பாருங்க. மண் பிடிச்சு இழுக்கணும், அப்போதான் வேர் வந்திருக்கு. அப்பா செடிங்கறதால இன்னொண்ணும் சொல்றேன்: கெட்டியான கிளை ரெண்டை இப்பவே வெட்டி, காய வச்சு தனியா நட்டுடுங்க. அதுல இந்த மாதிரி பெருங்கிழங்கு வராது, ஆனா அதே செடி உங்க வீட்ல இருக்கும்.

சேலத்திலிருந்து: அம்மா, இலை மேல வெள்ளையா பவுடர். துணியால துடைச்சேன், வேப்பெண்ணெயும் அடிச்சேன். மாவுப்பூச்சிதானே?

இலை முழுக்க ஒரே சீரா, திருநீறு பூசின மாதிரி இருந்தா அது பூச்சி இல்லை தம்பி. செடி தானே சுரக்குற மெழுகு, வெயிலுக்கு அதுதான் குடை. துடைச்ச இலையில திரும்ப முழுசா வராது. எண்ணெய் பட்டாலும் போயிடும், அதோட வெயில்ல வச்சா வெந்துடும். கொஞ்ச நாள் நிழல்ல வைப்பா. மாவுப்பூச்சி பஞ்சு உருண்டையா இலை இடுக்குல ஒளிஞ்சிருக்கும், நசுக்கினா பிசுபிசுன்னு வரும், கூடவே எறும்பு ஏறும். அதுக்கு சர்ஜிகல் ஸ்பிரிட்டைக் காது குடையுற பஞ்சுக்குச்சியில நனைச்சு ஒவ்வொண்ணா தொட்டு எடு, வாரம் ஒரு தடவை, ஒரு மாசத்துக்கு.

திருநெல்வேலியிலிருந்து: நர்சரியிலிருந்து வாங்கி நேரா மாடியில வச்சேன். ரெண்டே நாள்ல கற்றாழை செம்பழுப்பா ஆயிடுச்சு, பக்கத்துல ஹவொர்த்தியாவில (குட்டிக் கற்றாழை மாதிரி இருக்கிற செடி) வெள்ளைத் தழும்பு.

ரெண்டும் திடீர் வெயில் பட்ட வேலைதான். கற்றாழை நிழலுக்கு வந்தா சில வாரத்துல பச்சையாயிடும். ஹவொர்த்தியா தழும்பு போகாது, புது இலை வந்து பழசு அடியில போகிற வரை இருக்கும். அதுக்காக அந்த இலையை வெட்டாதீங்க, மீதிப் பச்சை செடிக்குச் சோறு போடுது.

கோயம்புத்தூரிலிருந்து: அக்கா, சிவப்புத் தலை கள்ளி, அடித்தண்டு மஞ்சளாகி குழையுது.

அது ஒட்டுச்செடி. சிவப்புத் தலையில பச்சையம் கிடையாது, கீழே இருக்கிற பச்சைத் தண்டுதான் ரெண்டுக்கும் சமைக்குது. தண்டு முழுக்க அழுகும் முன்னாடி தலையை வெட்டி, டிராகன் பழக் கொடியில முக்கோணத் துண்டு எடுத்து, ரெண்டோட நடு வளையமும் ஒண்ணை ஒண்ணு தொடுற மாதிரி வச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. ரெண்டு வாரம் அசைக்காதீங்க. தலையை மட்டும் மண்ல நட்டா பிழைக்காது.

திருவண்ணாமலையிலிருந்து: குரங்கு வந்து ஜேட் செடியைத் துண்டு துண்டா ஒடிச்சுப் போட்டுடுச்சு அக்கா!

இலை சின்னதா, தண்டு செம்பழுப்பா இருக்கா? நம்ம நர்சரியில ஜேட்னு தர்றதுல நிறைய போர்ட்டுலகேரியாங்கிற வேற செடிதான். தென்னாப்பிரிக்காவில யானை மேயுற செடி அது, மேய்ஞ்ச இடத்துலயே மறுபடி தழையும். துண்டுகளை ரெண்டு நாள் காய வச்சு நடுங்க, அடித்தண்டை அப்படியே விடுங்க. ஒடிஞ்ச கணுவுக்குக் கீழே ரெண்டு ரெண்டா துளிர்க்கும்.

ஆவடியிலிருந்து மறுபடியும்: அக்கா, தலையை வெட்டிக் காய வச்சுட்டேன். சீக்கிரம் தேற பஞ்சகவ்யா ஊத்தலாமா?

வேண்டாம்மா, வேர் வந்து புது இலை ரெண்டு விரியட்டும். அதுவரைக்கும் தொட்டியை ஜன்னலோரம் வச்சுட்டு தொடாம இரு. பத்து நாள் கழிச்சு அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துட்டுத் தண்ணி எப்போன்னு சொல்றேன்.