திங்கட்கிழமையும் தலைதீபாவளி மேட்னியும்

கேள்வி: வாரத்தில் உங்களுக்குப் பிடித்த நாள் எது? குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்டு, எழுந்து ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்த ‘ஏ’ படம் எது? மழுப்பாமல் பதில் வேண்டும்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரே கார்டில் இரண்டு கேள்வி கேட்டுத் தபால் செலவை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். சரி, வரிசையாகவே சொல்கிறேன்.

பிடித்த நாள் திங்கட்கிழமை. சிரிக்காதீர்கள். ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று ராகுகாலத்துக்கு ஒரு வாய்பாடு உண்டே, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை, அதில் முதலில் நிற்பது திங்கள்தான். காலை 7.30க்கு வந்து 9 மணிக்கெல்லாம் போய்விடும். நான் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஆபீஸ் வந்து சேர்வதற்குள் அன்றைய கெட்ட நேரம் காலி. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் எங்கள் கணக்கருக்கு உண்டு. மற்ற நாட்களில் செக்கைக் கையில் வைத்துக்கொண்டு “இன்னும் பத்து நிமிஷம் போகட்டும் சார்” என்று வாசலில் நிற்பவர், திங்களன்று நேராக உள்ளே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அப்புறம், ஞாயிறு தபால் பட்டுவாடா கிடையாது என்பதால் திங்களன்று வருகிற கடிதக் கட்டு கொஞ்சம் பருமனாகவே இருக்கும். உங்கள் கார்டும் அந்தக் கட்டில்தான் இருந்தது.

இதெல்லாம் உபரிக் காரணங்கள். உண்மையான காரணம் நூன் ஷோ. வெள்ளிக்கிழமை படம் வந்து, மூன்று நாள் விசிலும் பேப்பர் மழையும் முடிந்து, திங்கட்கிழமை தியேட்டர் காற்று வாங்கும். படம் நிற்குமா படுக்குமா என்று சினிமாக்காரர்கள் பார்ப்பதே அன்றைக்குத்தான், ‘மண்டே டெஸ்ட்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கத் தியேட்டராக இருந்தால் கவுண்டரில் “பத்துப் பேராவது சேரட்டும் சார், இல்லாட்டி ஷோ கிடையாது” என்பார்கள். சேர்ந்துவிட்டால் யோகம்தான். முன்சீட்டில் தலை மறைக்காது, பின்சீட்டில் உதைக்க ஆள் கிடையாது, முக்கியமாக, பக்கத்தில் நமக்குத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். இந்தக் கடைசி வசதியின் அருமை உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் புரியும்.

நான் நெளிந்த படம் ‘ஏ’ இல்லை ஐயா. சுத்தமான ‘யு’.

தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனால் எண்ணெய்க் குளியல், “கங்கா ஸ்நானம் ஆச்சா”, லேகியம், புது வேட்டி, அதிரசம், வயிறு முட்டச் சாப்பாடு, அதற்குப் பிறகு மேட்னி என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற படமாயிற்றே என்று மாமனார் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விளம்பரத்தின் மூலையில் ‘யு’ போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் டிக்கெட்டுக்கே ஆள் அனுப்பினார். ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். மாமனார், சகலை, நான், என் மனைவி, அவளுடைய அக்கா, மாமியார், கடைசியில் மச்சான்.

இடைவேளைக்கு முன்னால் காமெடி. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாத ஒரு பெண். புருஷன் அவளைச் சாமியார் சாமியாராகக் கூட்டிக்கொண்டு போகிறான். வழியில் பார்க்கிறவனெல்லாம் ஆளுக்கொரு ஜோக் அடிக்கிறான், ‘மலடி’ என்கிற வார்த்தை வரும்போதெல்லாம் தியேட்டர் அதிர்கிறது. என் மனைவியின் அக்காவுக்கு அப்போது கல்யாணமாகி ஆறாவது வருஷம். குழந்தை இல்லை. அந்த வீட்டில் பஞ்சாங்கம், பரிகாரம், ராமேஸ்வரம், டவுன் ஆஸ்பத்திரி என்று எல்லாம் பார்த்து ஓய்ந்திருந்த நேரம்.

மாமனார் இருமினார். மாமியார் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, “இந்தா, சாப்பிடு” என்று பெரிய மகளின் மடியில் வைத்தார். எனக்குப் பக்கத்தில் சகலை சிரித்தார், தியேட்டர் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் சத்தமாகவே. அக்காவும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் சும்மா இருந்தால் அப்புறம் அந்த வரிசையே அவளைத் திரும்பிப் பார்க்குமே. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடைவேளைக்கு லைட் போட்டதும் யாரும் காமெடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. “சண்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார் மாமனார். ஆமாம் ஆமாம் என்று அத்தனை பேரும் அவசரமாக ஒத்துக்கொண்டோம்.

(இதையெல்லாம் அந்த அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க தம்பி, பேரை மட்டும் போடாதீங்க. நான் சிரிச்சதையும் எழுதுங்க” என்றார்.)

இப்போது சொல்லுங்கள், முத்தக் காட்சியெல்லாம் ஒரு சங்கடமா? அது வந்தால் மாமனார் கண்ணாடியைத் துடைப்பார், நாம் வாட்சைப் பார்ப்போம், மச்சான் பாத்ரூம் போவான், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ‘ஏ’ என்று போட்டுவிட்டால் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போவது என்றாவது முன்கூட்டியே தெரியும். ‘யு’வில் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

சென்சார் சட்டம் 1952இல் வந்தது. நெடுங்காலம் ‘யு’, ‘ஏ’ இரண்டே ரகம், 1983இல் நடுவே ‘யு/ஏ’ சேர்ந்தது, 2024இல் அதையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை அளவுகோலும் அளப்பது பார்க்கிறவரின் வயதைத்தான். முப்பது வயதுக்காரிக்கு எது வலிக்கும் என்பதை வயதை வைத்து எப்படி அளப்பது? இத்தனைக்கும் 1991இல் வந்த வழிகாட்டு நெறிகளில் இரட்டை அர்த்த வசனம் கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, உடல் ஊனத்தைக் கேலி செய்யக் கூடாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறது. அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு நம் பழைய காமெடி டிராக்குகளைப் போட்டுப் பாருங்கள், பாதி தேறாது. சபையே சிரிக்கிறது என்றால் அது குற்றமாக யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நம் மாநிலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் வந்த சலுகைக்கு, 2011இல் ‘யு’ சான்றிதழும் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை ‘யு’ என்பது பணம். வரி மிச்சமாக வேண்டும் என்று ரத்தத்தையும் கட்டிலையும் வெட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள், மாமியார் ஜோக்கையும் குண்டுப் பெண் ஜோக்கையும் வெட்ட வேண்டும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். அதுதான் ‘குடும்பத்தோடு பார்க்க’ வைத்திருந்த பகுதி!

உடனே கத்தரியை இன்னும் தீட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டுகிறவர் கையில் அதிகாரத்தைக் கூட்டினால் அவர் வெட்டப்போவது மறுபடியும் முத்தத்தைத்தான். அந்த ஜோக்கை எழுதியவர், தன் வீட்டு வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் என்பதுதான் என் கோபம்.

‘குடும்பத்தோடு நிம்மதியாகப் பார்க்க ஒரு நல்ல ‘யு’ படம் சொல்லுங்கள்’ என்று அடுத்த கார்டு போட்டுவிடாதீர்கள் மன்னார்குடியாரே. உங்கள் வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாது.