எலும்பு முறிவு: எக்ஸ்ரேயா, ஸ்கேனா? கேள்வி பதில்

திருகோணமலையில் நீண்ட காலம் எக்ஸ்ரே அறையில் வேலை செய்தவன் நான். முறிவு பற்றிக் கேளுங்கள். இங்கே ஸ்கேன் என்பது ஒலி அலையால் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்.

உப்புவெளித் தாய்: ஐயா, ஏழு வயது மகன் சைக்கிளில் இருந்து விழுந்து மணிக்கட்டுக்கு மேலே வீக்கம். டொக்டர் முதலில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ஸ்கேனில் எலும்பு தெரியுமா?

தெரியும் பிள்ளை. ஒலி அலை எலும்பின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். திரையில் அது பளிச்சென்ற வெள்ளைக் கோடாக விழும். கோடு அறுந்தோ படி போல ஏறி இறங்கியோ இருந்தால் முறிவு. பக்கத்தில் இரத்தம் கட்டியிருப்பதும் தெரியும். சின்னப் பிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. முழுதாக முறியாமல் ஒரு பக்கம் மட்டும் புடைத்துவிடலாம். அந்தப் புடைப்பையும் ஸ்கேன் காட்டும். ஜெல்லைத் தாராளமாகப் பூசினால் நோகிற இடத்தை அழுத்தவே வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் ஒலி எலும்புக்குள்ளே போகாது. மூட்டுக்குள் போன முறிவு, எலும்பு எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்பதற்கெல்லாம் எக்ஸ்ரேதான்.

கிண்ணியா: அப்போ ஸ்கேன் எடுத்தால் எக்ஸ்ரே வேண்டாமா?

இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

நிலாவெளி மீனவர்: படகு விளிம்பில் விலா அடிபட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், மூச்சு இழுத்தால் உயிர் போகிறது.

விலா முறிவை எக்ஸ்ரே அடிக்கடி தவறவிடும் தம்பி. நோகிற இடத்திலேயே ஸ்கேன் வைத்தால் பிடிபடலாம். ஆனாலும் நெஞ்சு எக்ஸ்ரே வீணில்லை, நுரையீரலுக்குப் பாதிப்பா என்று அதில்தான் முதலில் பார்ப்போம். நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

மூதூர்: ஸ்கேன் மட்டும் போதாதா ஐயா?

கிண்ணியாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தம்பலகாமம்: எங்கள் முறிவு வைத்தியர் தொட்டே சொல்லிவிடுவார். படம் எதற்கு?

சாம்பல்தீவு: அப்படித்தான் மாமாவுக்கு மூலிகைப் பத்துப் போட்டு இறுக்கிக் கட்டி விரல் கறுத்தது!

தம்பலகாமம்: எங்கள் அப்பாவுக்குச் சுகமானதே!

சண்டை வேண்டாம். பரம்பரைக் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விலகாத வெடிப்பு விரலுக்குப் புலப்படாது. படம் எடுத்த பிறகு போங்கள். எங்கே கட்டினாலும் விரல் விறைத்தால், குளிர்ந்தால், நோ ஏறிக்கொண்டே போனால் கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு உருவவே கூடாது.

கன்னியா: அம்மாவின் முழங்கால் தேய்வுக்கு ஸ்கேன் உதவுமா?

அது முறிவு இல்லை. மூட்டு டொக்டரைக் கேளுங்கள்.

நகரம்: கையூன்றி விழுந்தேன். பெருவிரல் அடியில் நோ, எக்ஸ்ரே சரி, ஸ்கேனும் சரி.

இதை விடாதீர்கள். பெருவிரல் பக்கம் மணிக்கட்டில் ஸ்கபாய்ட் என்றொரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் நாள் படத்தில் ஒளிந்துகொள்ளலாம், ஸ்கேனை நம்பியும் விட முடியாது. கையை அசைக்காமல் கட்டி வைத்து 10 முதல் 14 நாளில் திரும்ப எக்ஸ்ரே எடுங்கள்.